வேப்பமரத்தடியிலிருந்து உள்ளே வர

ஊர்க்கோயிலை விட்டு நகரத்துப் பங்குக்கு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறோம், காணிக்கை போடுகிறோம். ஆனாலும் அது எங்கள் கோயில் என்ற எண்ணமே வரவில்லை. யாருக்கும் எங்களைத் தெரியாது. எந்தக் குழுவில் பெயர் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள்?"

தூத்துக்குடிக் கடற்கரையிலோ குமரியிலோ சிவகங்கைப் பக்கத்திலோ வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வியே புதிது. அங்கே பிறந்த அன்றே பங்கில் ஆள். அப்பா கோயில் வரி கட்டியிருப்பார், மாமா கமிட்டியில் இருந்திருப்பார், சப்பரம் தூக்கும்போது உங்கள் தோளுக்கு ஓர் இடம் தானாகக் கிடைத்திருக்கும். ஆவடியிலும் தாம்பரத்திலும் அப்படி நடப்பதில்லை. விடிந்ததும் ஒரு பூசை, அது முடிந்து ஒரு பூசை, பிறகு ஆங்கிலப் பூசை. முதல் கூட்டம் வெளியே வருவதற்குள் அடுத்த கூட்டத்தின் பைக்குகள் வாசலை அடைத்துவிடும். ஆண்களில் ஒரு பகுதியினர் பிரசங்கம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்று, நற்கருணை வாங்கும் நேரத்துக்கு உள்ளே வந்து போவார்கள். இந்த நெரிசலில் ஒரு குடும்பம் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் வந்து போக முடியும்.

குழுவை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்பட்டும் வழிபாட்டில் பங்கெடுக்க வேண்டும் என்று சொன்னது. மேடையேறுகிறவர்கள் எல்லோரும் இதை எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஏட்டின் 28ஆம் பத்தியை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. வழிபாட்டில் ஒவ்வொருவரும், குருவானாலும் பொதுநிலையினரானாலும், தமக்குரியதை முழுவதும் செய்ய வேண்டும், தமக்குரியதை மட்டுமே செய்ய வேண்டும் என்கிறது அது. நம் பங்குகளில் நான் பார்த்த சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பெருங்கூட்டம் தன் பாகத்தைச் செய்யாமல் சும்மா நிற்கிறது. பத்துப் பேர் எல்லோருடைய பாகத்தையும் தாங்களே செய்கிறார்கள். புதிதாக வருகிறவர் அந்தப் பத்துப் பேரில் பதினோராவது ஆளாக வழி தேடுகிறார். அது தேவையில்லை.

அலுவலக வேலையை முதலில் முடித்துவிடலாம். "எங்கள் சொந்தப் பங்கு ஊரில் இருக்கிறது, இங்கே நாங்கள் விருந்தாளிதான்" என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு குடிவந்துவிட்டால் அந்தப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை. யாரும் தீர்மானம் போட்டு உங்களை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வந்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டுமே. வார நாள் மாலை ஒன்றில் அலுவலகத்துக்குப் போங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போனால் அங்கே பூசைக் கருத்துக் கொடுப்பவர்களும் சான்றிதழ் கேட்பவர்களும் வரிசையில் நிற்பார்கள், உங்கள் முகம் யார் மனத்திலும் பதியாது. ஞானஸ்நான, திருமணச் சான்றிதழ்களின் நகல், வீட்டில் உள்ளவர்களின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய ஒரு தாள், படுக்கையில் இருக்கும் பெரியவர் உண்டென்றால் அந்த விவரம், இவ்வளவு போதும்.

ஞானஸ்நானப் பதிவை ஊரிலிருந்து மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது ஞானஸ்நானம் பெற்ற கோயிலிலேயே என்றைக்கும் இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும்கூட அந்தப் பதிவில்தான் குறிக்கப்படும். அதனால்தான் கல்யாண ஓலை வாசிக்கும் முன் புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்கிறார்கள். இதைக் கல்யாணம் நிச்சயமான பிறகு தேடி ஓடுவது நம் வழக்கம். ஞானஸ்நானத்தில் அந்தோணி, ஆதாரில் ஆன்டனி என்று இருந்தால் அதைச் சரிசெய்ய நாள் பிடிக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே ஒரு நகல் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மாதச் சந்தா பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலின் தேவைக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று சட்டமே சொல்கிறது, எனவே முடிந்ததைக் கட்டுங்கள். முடியவில்லை என்றால் பங்குத்தந்தையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். "சந்தா பாக்கி இருக்கிறது, அதனால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போகும்" என்று எந்தக் கணக்கராவது சொன்னால் அங்கே வாதாடிக்கொண்டிருக்காமல் சாமியாரைப் பாருங்கள். ஏழ்மை காரணமாக யாருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பது 848ஆம் சட்டம்.

இனி பூசை. ஒரே நேரப் பூசையைத் தேர்ந்தெடுங்கள். இந்த வாரம் ஆறு மணி, அடுத்த வாரம் மாலை என்று மாறி மாறிப் போனால் ஐந்து வருடம் ஆனாலும் புதுமுகம்தான். உட்காரும் இடத்தையும் மாற்றாதீர்கள். பக்கவாட்டுத் தூணோரம், முன்னாலிருந்து ஐந்தாவது வரிசை என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் பக்கத்தில் இருக்கும் அம்மா தலையசைப்பார், ஆறாவது வாரம் "போன வாரம் காணோமே?" என்பார். அறிமுகம் அங்கே தொடங்கிவிடுகிறது. பூசை முடிந்ததும் பத்து நிமிடம் வளாகத்தில் நில்லுங்கள். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிற வயது என்றால் அந்த நேரத்தில் வெளியே காத்திருக்கும் பெற்றோர் கூட்டம்போல நல்ல அறிமுக இடம் வேறில்லை.

சனிக்கிழமை இரவு மறுநாள் வாசகங்களை வீட்டில் ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருபவை. முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும், மாற்கு ஆண்டின் நடுவே சில ஞாயிறுகளிலும் வருவார். பெரும்பாலான ஞாயிறுகளில் முதல் வாசகம் அன்றைய நற்செய்தியோடு ஒட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். இது தெரிந்துவிட்டால் "இதையும் அதையும் ஏன் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்வியோடு கோயிலுக்குப் போவீர்கள். பிரசங்கம் சுமாராக இருந்தால்கூட அன்று கை நிறையக் கொண்டு வருவீர்கள்.

பிறகு, வாய் திறந்து பதில் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும் அளவுக்கு எளிய அறிவுரை இது. ஆனால் எத்தனை கோயில்களில் மக்களின் பதிலாக ஒலிபெருக்கியில் ஒரே ஒரு குரல் கேட்கிறது என்று கவனித்துப் பாருங்கள். கோயில்பிள்ளையோ பாடகர் குழுவில் ஒருவரோ மைக் முன்னால் நின்று எல்லாப் பதிலையும் தாமே சொல்லிவிடுகிறார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் ஒலிபெருக்கி பதில் சொல்லிவிட்டால் மக்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. வழிபாட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு என் யோசனை, மக்கள் பதில் சொல்லும் இடங்களில் அந்த மைக்கை அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கோயில் அமைதியாக இருக்கும், சாமியாருக்குச் சங்கடமாக இருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் தாங்கிக்கொள்வார். மூன்றாம் வாரம் குரல்கள் எழும்.

பாடகர் குழுவுக்கும் இதே நியாயம்தான். வாராவாரம் புதுப் பாட்டு, கீபோர்டில் தாளம், யாருக்கும் எட்டாத சுருதி என்று பூசை கச்சேரி ஆகிவிடுகிறது. திருவழிபாட்டு இசை பற்றி உரோமை 1967இல் வெளியிட்ட அறிவுரை ஒரு வரிசை தருகிறது. முதலில் பாடப்பட வேண்டியவை குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்பவையும் 'தூயவர்' போன்ற ஆர்ப்பரிப்புகளும். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நன்றிப் பாடலெல்லாம் அதற்குப் பிறகு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். வருகைப் பாடலுக்கு மூன்று ஒத்திகை பார்த்துவிட்டு 'ஆமென்' என்று வரும்போது இழுத்துவிட்டுப் போகிறோம். 'தூயவர்' மெட்டை ஆறு மாதம் மாற்றாதீர்கள். காலைப் பூசையில் சுருதியைக் குறையுங்கள், தூங்கி எழுந்த தொண்டைக்கு ஏறாது. பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக வேறு பக்திப் பாட்டைப் போடக் கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகளே சொல்கின்றன. அது பாட்டு இடைவேளை கிடையாது, வாசகத்தின் ஒரு பகுதி. மெட்டுப் போட ஆள் இல்லையென்றால் பல்லவியை மட்டும் எளிய மெட்டில் பாடிவிட்டு அடிகளை வாசித்தால் போதும்.

வாசகம் வாசிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்குப் பங்கில் முதலில் கிடைக்கக்கூடிய பொறுப்பு அதுதான், மோசமாகச் செய்யப்படுவதும் அதுதான். பூசைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வெள்ளைச் சட்டையில் வந்த யாரையாவது பிடித்து "அண்ணே, இரண்டாம் வாசகம் நீங்க வாசிச்சிருங்க" என்று அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. பவுல் அடிகளாரின் வாக்கியங்கள் அப்படிப் போகிறபோக்கில் வாசிக்கக்கூடியவை அல்ல. ஒரு எழுவாய்க்கும் அதன் பயனிலைக்கும் நடுவில் நான்கு வரி இருக்கும்.

வியாழக்கிழமைக்குள் உங்கள் வாசகம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வாய்விட்டுப் படிக்காமல், யார் யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள். எசாயா மக்களிடம் பேசுகிறாரா, கடவுளே பேசுகிறாரா, இல்லை எசாயா கடவுளிடம் முறையிடுகிறாரா? இது தெரியாமல் வாசிப்பவரின் குரலில் மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கும். இரண்டாம் முறை பென்சிலால் மூச்சு விடும் இடங்களைக் குறியுங்கள். காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் நிற்கத் தேவையில்லை, பொருள் முடியும் இடத்தில் நிற்க வேண்டும். மூன்றாம் முறை கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் வேகத்தைக் கேட்டு அப்போதுதான் திடுக்கிடுவார்கள். நெபுகத்னேசர், மெல்கிசதேக்கு, பம்பிலியா போன்ற பெயர்களை வீட்டிலேயே பத்துத் தடவை சொல்லிப் பழகிவிடுங்கள். அம்போ என்கிற வாசக மேடையில் நின்று முதல் தடவையாக அவற்றைச் சந்திக்காதீர்கள்.

அங்கே ஏறிய பிறகு வாசக நூலிலிருந்து வாசியுங்கள். ஞாயிறு தாளையோ கைபேசியையோ கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த நூலுக்கு நாம் கொடுக்கும் மரியாதையைக் குறைக்கிறது. 'முதல் வாசகம்' என்ற தலைப்பையும் அதன் கீழே உள்ள கருப்பொருள் வரியையும் வாசிக்க வேண்டாம். அவை வாசகருக்கான குறிப்பு. 'நூலிலிருந்து வாசகம்' என்ற வரியில் தொடங்குங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கடைசி வாக்கியத்தை முடித்துவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று மக்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஓடி இறங்காதீர்கள்.

ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ழகரமும் ளகரமும் தகராறு செய்யும். அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பூசைக்கு முந்தின நாள் அரைமணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நான்கைந்து மாதத்தில் தேறிவிடுவார்கள். ஒரு கிழவி வாசித்தால் குரல் நடுங்கும், நடுங்கட்டும். பெண்கள் வாசிப்பதில் இன்னும் முகம் சுளிக்கும் ஊர்கள் இருக்கின்றன. வாசகர் பணியைப் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கும் வகையில் 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தையே மாற்றிவிட்டார் என்பதை அங்கே சத்தம் போடாமல் நினைவுபடுத்தலாம்.

முன்னுரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பலி முன்னுரை, முதல் வாசக முன்னுரை, இரண்டாம் வாசக முன்னுரை என்று தமிழ்நாட்டுப் பங்குகளில் இது ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. "இறைஇயேசுவில் பிரியமானவர்களே" என்று தொடங்கி, வாசகம் சொல்லப்போவதை எல்லாம் முன்பே சொல்லி, அதற்கு அறிவுரையும் சேர்த்து, சில சமயம் வாசகத்தைவிட நீளமாகவே போய்விடும். மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுதாதீர்கள். வாசகத்தின் சூழலைச் சொல்லுங்கள், கருத்தைச் சொல்லாதீர்கள். "பாபிலோனில் நாடு கடத்தப்பட்டு வாழும் மக்களிடம் இறைவாக்கினர் பேசுகிறார்" என்ற ஒரு வரி போதும். மீதியை எசாயா பார்த்துக்கொள்வார்.

மன்றாட்டு எழுதும் பொறுப்பு, தெருவாரியான குடும்பக் குழுக்களாகிய அன்பியங்களுக்கு மாறி மாறி வரும். அச்சிட்ட புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் படிப்பதற்கானது அல்ல அது. ஒழுங்கு எளிது. திருச்சபைக்காக ஒன்று, நாட்டையும் உலகையும் ஆள்பவர்களுக்காக ஒன்று, துன்பப்படுகிறவர்களுக்காக ஒன்று, நம் பங்குக்காக ஒன்று. மன்றாட்டில் கடவுளுக்குச் செய்தி வாசிக்காதீர்கள், மக்களுக்குப் பிரசங்கம் வைக்காதீர்கள். அந்த வாரம் அந்தத் தெருவில் என்ன நடந்ததோ அது வரட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் ஒரு கடற்கரைப் பங்கின் மன்றாட்டில் தடைக்காலம் ஒருமுறைகூட வரவில்லை என்றால் அதை எழுதியவர் வேறு ஊரில் வாழ்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். நகரத்துக்கு இதே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் பங்கில் வேலை போனவர்கள் எத்தனை வீடு?

அன்பியத்துக்கு இப்போது வரலாம். புதிதாக வந்த குடும்பம் கோயிலில் பேர் வாங்குவதற்கு முன் தெருவில் பேர் வாங்க வேண்டும், அதற்கு வழி அன்பியம். பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருபது முப்பது குடும்பம் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். அலுவலகத்தில் பதியும்போதே உங்கள் அன்பியம் எது, பொறுப்பாளர் யார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பு வரும் என்று காத்திராமல் முதல் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். இரண்டு மூன்று கூட்டம் ஆனதும் உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாடகை வீடு, ஒற்றை அறை என்று தயங்க வேண்டாம், பாய் விரித்தால் பதினைந்து பேர் உட்காரலாம். பலகாரப் போட்டிதான் பல அன்பியங்களைக் கொன்றது. ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் பிரியாணி, மூன்றாம் வீட்டுக்காரர் கடன் வாங்கப் பயந்து கூட்டமே வேண்டாம் என்கிறார். டீயும் பிஸ்கட்டும் மட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு எழுதி வைத்துவிடுங்கள்.

கூட்டத்தில் செபமாலை சொல்லிக் கலைவது எளிது. இறைவார்த்தைப் பகிர்வுக்குத் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் உருவாக்கிய ஏழு படி முறை நம் ஊரிலும் பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது. ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனத்தில் பட்ட சொல்லை எடுத்துச் சொல்வது, அமைதி, பகிர்வு, செய்ய வேண்டிய வேலையைப் பேசுவது, செபம். இதில் ஆறாவதுதான் எல்லா இடத்திலும் காணாமல் போகிறது. நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது என்று ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவிவிடுகிறார்கள். ஆறாவது படியில் என்ன பேசுவது? மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் தாத்தாவுக்கு மருந்து யார் வாங்கித் தருவது, பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குக் கணக்கு யார் சொல்லிக்கொடுப்பது, ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்காவுக்கு இந்த வாரம் யார் துணை. யார், எந்த நாள் என்று பெயரோடு முடிவெடுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் போன மாதம் ஒத்துக்கொண்டது நடந்ததா என்று கேளுங்கள். இதைச் செய்யும் அன்பியத்துக்கு ஆள் வரவில்லை என்ற புகாரே இருப்பதில்லை.

யார் வீட்டில் கூட்டம் வைத்ததே இல்லை என்றும் பாருங்கள். இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்க நடுவில் சுவர் இருந்தது. 1910இல் அதை இடித்தார்கள். செங்கல் சுவர் ஒரு நாளில் போய்விடும். ஒரு வீட்டில் செபத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டு, டீ வந்ததும் "சர்க்கரை இருக்கு, வேண்டாம்மா" என்று பாதிப் பேர் எழுந்தால் அது என்ன சர்க்கரை என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். புதிதாக வந்த உங்களுக்கு அந்தத் தெருவின் பழைய கணக்கு எதுவும் கிடையாது, அது உங்களுக்கு வாய்த்த வசதி. அந்த டீயை வாங்கிக் குடியுங்கள், அடுத்த முறை அவர்கள் வீட்டிலேயே வைக்கலாம் என்று சொல்லுங்கள். கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கத்தோலிக்கப் பழங்குடி இளைஞர்கள் சென்னைப் புறநகர்க் கோயில்களின் பின்வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இந்தப் பங்கின் மக்களே. மாதம் ஒருமுறை இந்திப் பூசை வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு முன் பெயரைக் கேளுங்கள்.

இப்போது குழு. ஒன்றே ஒன்றில் சேருங்கள். வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, மறைக்கல்வி, பாடகர் குழு என்று எல்லாவற்றிலும் பெயர் இருப்பவரால் எதிலும் முழுதாக இருக்க முடியாது. மனிதரோடு பழகத் தெரிந்தவர் என்றால் வின்சென்ட் தே பவுல் சபையைச் சொல்வேன். வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் முதல் வேலை, பங்கின் உண்மையான முகம் அங்கே தெரியும். எதில் சேர்ந்தாலும் ஓராண்டுக்குள் அந்த வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பதினைந்து வருடமாகப் பீடத்துணி வைத்திருக்கும் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

திருவிழாவுக்கு எதிராகப் பேசும் ஆள் நானில்லை. கொடியேற்றமும் சப்பரமும் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்குக் கோயில் ஞாயிறு காலை ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். நவநாட்களுக்குச் 'சிறப்பிப்போர்' பட்டியல் போடும்போது மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வசதியான குடும்பத்தின் பெயர் என்று இருந்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தனிமரமாக வாழும் பெரியவர்கள் என்று சேர்ந்து ஒரு நாளை எடுக்கட்டும், ஆளுக்கு நூறு ரூபாய் போட்டாலும் சரி.

பணம் என்றதும் தகராறு வரும் இடத்துக்கு வந்துவிட்டோம். பங்குப் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பு. அதன் தீர்மானம் பங்குத்தந்தையைச் சட்டப்படி கட்டாயப்படுத்தாது. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537ஆம் சட்டம். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287ஆம் சட்டம். ஒரு நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவிடக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது, கூரைக்கு வசூலித்தது பந்தலுக்குப் போகக் கூடாது. எனவே கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று கேட்காதீர்கள், வாட்ஸப் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால், நாலைந்து குடும்பங்கள் கையெழுத்திட்டு, இன்னின்ன தலைப்புகளில் வரவு செலவை வாசிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி அறிக்கையே பங்குப் பேரவை போன்ற அமைப்புகளைக் கட்டாயமாக்கச் சொல்கிறது, வெளிப்படைத்தன்மையையும் வலியுறுத்துகிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்தால் கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் கூடும்.

வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களை மறந்துவிடுகிறோம். "அம்மா யூடியூபில் பூசை பார்த்துக்கொள்கிறார்கள்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் மாத முதல் வெள்ளியையொட்டி நோயாளிகளுக்கு வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் தானாக ஏறாது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சாமியார் வரும்போது டிவியை அணைத்து, மேசையில் வெள்ளைத்துணி, ஒரு சிலுவை, மெழுகுவர்த்தி வையுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் சமையலறைக்குள் போய்விடாமல் கூடவே நின்று பதில் சொல்லுங்கள். நோயில் பூசுதலைச் சாகும் தறுவாய்க்கு என்று ஒத்திப்போடாதீர்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் முதுமையில் தளர்ந்தபோதும் அதைப் பெறலாம்.

பங்குத்தந்தையோடு கருத்து வேறுபாடு வரும், வராமல் இருக்காது. தங்கள் கருத்தைப் போதகர்களிடம் சொல்லும் உரிமை விசுவாசிகளுக்கு உண்டு, சில வேளை அது கடமையும்கூட என்று 212ஆம் சட்டம் சொல்கிறது. தனியாகப் போய்ச் சொல்லுங்கள், புகாரோடு அதைத் தீர்க்க முன்வரும் ஆட்களின் பெயரையும் கொண்டு போங்கள். "வாசகர்கள் சரியில்லை சாமி" என்று சொன்னால் "ஆமாம்" என்பார், அதோடு முடிந்துவிடும். "வாசகர்களுக்குச் சனிக்கிழமை மாலை பயிற்சி வைக்கிறோம், நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம், அறைச் சாவி மட்டும் வேண்டும்" என்றால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றல் வந்துவிடும். பிரிவு உபசாரத்துக்கு மாலையும் பொன்னாடையும் வாங்கும் பரபரப்பில் ஒரு வேலை விட்டுப்போகிறது. புதிதாக வருகிற சாமியாருக்கும் நீங்கள் வந்த நாளில் இருந்த நிலைமைதான், யாரையும் தெரியாது. யார் முதலில் போய்க் காதில் ஓதுகிறார்களோ அவர்கள் சொன்னதே பங்கு என்று ஆகிவிடும். அதனால் பேரவையோ அன்பியப் பொறுப்பாளர்களோ கூடி அவர் வந்த முதல் மாதத்துக்குள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். படுக்கையில் இருப்பவர்களின் பெயரும் முகவரியும், அன்பியங்களும் அவற்றின் கூட்ட நாட்களும், வாசகர் பட்டியல், நடந்துகொண்டிருக்கும் கட்டட வேலையின் வரவு செலவு, வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து, எந்தச் சாவி யாரிடம். பழைய சண்டைகளை அதில் எழுத வேண்டாம், அவை ஒரு வாரத்தில் தாமாகவே அவர் அறைக்கு வந்து சேர்ந்துவிடும்.